முனியசாமி கல்லும் 123 படங்களும்

துர்காதேவி எடுத்த ஊருணிப் படங்கள் அனைத்தையும் பார்த்து, பின்பக்கக் குறிப்புகளை என் மழைக் குறிப்பேட்டோடு ஒப்பிட்ட பிறகே இதை எழுதுகிறேன். தேதிகளில் பிழை இல்லை. 41ஆம் படத்தில் மட்டும் படித்துறையில் பத்துப் படி தெரிகிறது என்று எழுத வேண்டியதை ஒன்பது என்று எழுதியிருந்தார். காட்டியதும் அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

ராமநாதபுரத்தின் கிழக்கு ஓரத்தில் நாவலடி ஊருணி இருக்கிறது. அதன் வடகரையில் அவருடைய வீடு. மாமனார் மூக்கையா முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து 1992இல் வாங்கியது. பின்பக்கத்து அடுப்படியும் அதை ஒட்டிய அறையும் 1996இல் அவர் எழுப்பியவை. அப்போது கொத்தனார் மண்ணில் முழ உயரத்துக்கு நின்ற ஒரு கல்லைப் பிடுங்கப் போனார். மூக்கையாவின் மனைவி ராமலெட்சுமி விடவில்லை. அது முனியசாமி என்றார். கல்லை விட்டுப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளிச் சுவர் எழுந்தது. அன்றுமுதல் செவ்வாய்தோறும் கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் உண்டு. மற்ற வீட்டார் தங்கள் பக்கத்தில் இதேபோல் நின்ற கற்களை அஸ்திவாரத்தில் போட்டுவிட்டார்கள். அதே கரையில் குடியிருந்து, மழையை அளந்து எழுதிவரும் எனக்கும் அது சாமிதான். 2009ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில் "மூலையில் முனியசாமி" என்றே எழுதியிருக்கிறேன்.

துர்காதேவி அரண்மனைப் பக்கம் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், ஜெராக்ஸ். கணவர் காளீஸ்வரன் ஆட்டோ ஓட்டுகிறார். ஊருணியைப் படம் எடுக்கத் தொடங்கியதற்கு ஒரு கல்யாணம்தான் காரணம். தென்கரையில் புதிதாகக் கட்டிய மண்டபத்தில் கார்த்திகையில் கல்யாணம் முடித்த ஒரு ஜோடி, ஊருணிக் கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டது. மறுநாள் மாப்பிள்ளை கடைக்கு வந்தார்.

"அக்கா, பின்னால குப்பையாக் கெடக்கு. அதைத் தூக்கிட்டுத் தாமரை வச்சுக் குடுங்க."

"எத்தனை தாமரை?"

"ஒரு இருபது வைங்க. வீட்டுல பாக்கட்டும்."

கம்ப்யூட்டரில் குப்பையை அழித்து இருபது தாமரை வைத்து, மார்கழிக் கடைசியில் ஆல்பமாகக் கொடுத்தார். அந்த ஆல்பத்தை நானும் பார்த்தேன், அழகாக இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த துர்காதேவிக்கு மனம் ஒப்பவில்லை. அழிக்காத படம் ஒன்றாவது இருக்கட்டும் என்று மறுநாள் காலை மாடியில் ஏறி ஊருணியை எடுத்தார். அதுதான் முதல் படம்: 2015 ஜனவரி 13, செவ்வாய், தேய்பிறை அஷ்டமி. அஷ்டமியன்று கல்யாண ஆர்டர் பேச யாரும் வர மாட்டார்கள் என்பதால் மாதந்தோறும் அந்த நாளையே வைத்துக்கொண்டார். காலை ஏழு மணி, மாடியில் அதே இடம், அதே லென்ஸ்.

ஒவ்வொரு படமும் ஒன்றுபோல் அமைய, அசையாத ஏதோ ஒன்று சட்டத்துக்குள் வேண்டும். மரத்தை வெட்டுவார்கள், கம்பத்தை மாற்றுவார்கள். சாமியை யார் நகர்த்தப் போகிறார்கள்? இடது கீழ் மூலையில் முனியசாமி வரும்படி காமிராவை நிறுத்தினார். கல்லோடு அடுப்படிச் சுவரும் விழுந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

நடுவில் ஊருணியின் படித்துறை. மொத்தம் பதினேழு படிகள். எத்தனை படி வெளியே தெரிகிறது என்று எண்ணி எழுதுவார். மழை குறைந்த 2016இன் கோடையில் பதினைந்து படி தெரிந்தது. பின்னாளில், என் மழைமானியில் ஏறக்குறைய அதே அளவு மழை பதிவான இன்னோர் ஆண்டின் கோடையில் பதினொன்றுதான் தெரிந்தது. தண்ணீர் கூடவில்லை. இடித்த கட்டடங்களின் மண்ணும் கல்லும் 2016இல் தெரிந்த நான்கு படிகளை மூடிவிட்டன. மண்டபத்தின் வண்டி நிறுத்தும் இடம் ஆண்டுக்கு ஆண்டு நீருக்குள் நீண்டதும் படங்களில் வரிசையாகத் தெரிகிறது. ஒரு படத்தில் எச்சில் இலைகள். இன்னொன்றில் குப்பைப் புகைக்குள் ஒருவர் மாட்டைக் குளிப்பாட்டுகிறார்.

கரைவாசிகள் சிலர் சேர்ந்து மண்டபத்தின் மீது வழக்குப் போட்டார்கள். துர்காதேவியும் மனுதாரர். அதுவரை எடுத்த 112 படங்களும் 2024 ஜனவரி 8 அன்று நீதிமன்றத்தில் தாக்கலாயின.

பத்து நாள் கழித்து வழக்கறிஞர் அப்துல் அஜீஸ் ஸ்டுடியோவுக்கே வந்தார். ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன்.

"பழைய ரெக்கார்டுல ஊருணி எல்லைக்கு ஏழு கல்லு இருக்கும்மா. ஆறைக் காணோம். ஏழாவது உங்க படத்துல இருக்கு. அதை வச்சுத்தான் சர்வேயர் அளக்கப் போறாரு."

"எங்க படத்துலயா? எந்தக் கல்லு?"

அவர் ஒரு படத்தை எடுத்து இடது மூலையில் விரலை வைத்தார்.

"அது முனியசாமியில்ல?"

"இருக்கலாம். கல்லைத் தாண்டி ஊருணிக்குள்ள போகுதே ஒரு செவரு. அது யாரு வீடு?"

துர்காதேவி ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினார்.

"எங்க அடுப்படி. அத்தை படுக்குற ரூமும் அதோட சேர்ந்ததுதான்."

கல்லுக்குத் தெற்கே சுவர் ஒன்பது அடி நீண்டிருந்தது. அன்று மாலை காளீஸ்வரன் அளந்து பார்த்த கணக்கு இது.

"படத்தை வாபஸ் வாங்கலாம்," என்றார் அஜீஸ். "படம் போனா வழக்கும் போயிரும். இன்னொண்ணு, எதிர்த் தரப்புக்கும் ஒரு செட்டு குடுத்தாச்சு. அவங்க என்னைக்கு வேணும்னாலும் உங்க செவரைக் காட்டுவாங்க."

இரண்டு நாளில் மண்டபத்து மேலாளர் வீட்டுக்கே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி, பின்பக்கம் போய்க் கல்லுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க படத்தை வாபஸ் வாங்குங்கக்கா. அதைச் சாமின்னு நாங்களும் சொல்லிருவோம். எல்லைக்கல்லே இல்லைன்னா, உங்க செவரும் தப்பிச்சிரும், எங்க மண்டபமும் தப்பிச்சிரும். வேணும்னா தளம் போட்டு ஒரு கோயிலாவே கட்டித் தாரோம்."

"ஊருணி?"

"ஊருணி எங்க போகப் போகுது? அங்கனதான் கெடக்கும்."

அவர் போனபின் வீட்டில் நடந்ததைக் காளீஸ்வரனே என்னிடம் சொன்னார். மறுநாள் காலையில் அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போயிருக்கிறார். துர்காதேவி குறுக்கே வந்து நின்றார்.

"ஒம்பது அடி தள்ளி நட்டுட்டா முடிஞ்சது, தேவி. ஒரு மணி நேர வேலை."

"நட்டுருங்க. நூத்திப் பன்னெண்டு படத்துல நிக்கிற கல்லை எந்தக் கடப்பாரையால நகத்துவீக?"

"உன்னை யாரு மாசாமாசம் எடுக்கச் சொன்னா? ஊர்ல பொம்பளைக கோலம் போடுறாளுக, சீரியல் பாக்குறாளுக. நீ உன் வீட்டை இடிக்க நீயே படம் எடுத்து வச்சிருக்க."

"ஆமா. குறி தப்பாம எடுத்துருக்கேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டதாம். பிறகு காளீஸ்வரன் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று துர்காதேவி சமைக்கவில்லை. அடுப்படிக்குள் போகவே கூசுகிறது என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 24, புதன்கிழமை காலை 10.20க்கு சர்வேயர் வந்தார். கரையில் அறுபது பேருக்குக் குறையாமல் கூட்டம். மண்டபத்து மேலாளரும் நின்றார். சர்வேயர் மஞ்சள் பூசிய கல்லைப் பார்த்ததும் காலணியைக் கழற்றினார். பிறகு ராமலெட்சுமியிடம் கேட்டார்:

"அப்பத்தா, இது என்ன கல்லு?"

"முனியசாமி. இருபத்தெட்டு வருசமாக் கும்பிடுறோம்."

மேலாளர் தலையை ஆட்டினார். "ஊரே கும்பிடுது சார்."

சர்வேயர் துர்காதேவியின் பக்கம் திரும்பினார். "படம் எடுத்தது நீங்கதானேம்மா. என்ன சொல்றீங்க? சாமியா, அளவுக்கல்லா? முதல் படத்துலேர்ந்து இங்கனயேதான் இருக்கா?"

துர்காதேவியின் முகத்தை நான் ஆறடி தூரத்திலிருந்து பார்த்தேன். முதலில் மாமியாரைப் பார்த்தார், பிறகு கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கணவரை. காளீஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமிதான் சார்," என்றார். "அளவுக்கல்லும் அதுதான். யாரும் நகத்தலை."

சர்வேயர் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மஞ்சளைச் சுரண்டச் சொன்னார். இருபத்தெட்டு வருட மஞ்சள் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. அடியில் உளியால் வெட்டிய சர்வே அம்புக்குறி இருந்தது.

அந்தக் கல்லிலிருந்து அளந்ததில் மண்டபம் ஊருணிக்குள் 46 அடி வந்திருந்தது. அதன் மதிலில் சிவப்புக் குறி போட்டார்கள். அதே டப்பாவிலிருந்து அடுப்படிச் சுவரிலும் ஒரு பெருக்கல் குறி. கல்லின் தலையில் 7 என்று எழுதினார்கள்.

"சாமிக்கே நம்பர் போட்டுட்டானுக," என்றார் ராமலெட்சுமி. அடுத்த செவ்வாய் அந்த ஏழின் மேலேயே மஞ்சளைப் பூசினார்.

மண்டபத்துக்காரர்கள் மூன்றே வாரத்தில் தடையாணை வாங்கிவிட்டார்கள். இறுதித் தீர்ப்பு வரும்வரை இருக்கிறபடியே இருக்கட்டும் என்று உத்தரவு. அது துர்காதேவியின் சுவருக்கும் பொருந்தும். இடிக்க மாட்டார்கள், பழுது பார்க்கவும் கூடாது. குறி போட்ட வீட்டை விற்கவும் வழியில்லை. வாய்தா ஆறு முறை தள்ளிப் போனது. மண்டபத்தில் கல்யாணங்கள் நடக்கின்றன. துர்காதேவிக்கு மட்டும் அங்கே படம் எடுக்க அனுமதி இல்லை.

2024 நவம்பர் 20இல் என் மானியில் 94 மில்லிமீட்டர் மழை. அடுப்படிக் கூரை ஒழுகி அறையில் தண்ணீர் நின்றது. ராமலெட்சுமியின் கட்டிலை முன்பக்கம் தூக்கிப் போட்டார்கள். காளீஸ்வரன் கூரைமேல் தார்ப்பாய் விரித்தார். மறுநாளே யாரோ அதைப் படம் எடுத்து, உத்தரவை மீறிப் பழுது பார்ப்பதாகப் புகார் அனுப்பினார்கள். தார்ப்பாயை எடுத்தாயிற்று.

சனிக்கிழமை அஷ்டமி. துர்காதேவி மாடிக்கு ஏறிவிட்டார். கீழே அத்தை நனைந்த அடுப்பைப் பற்றவைக்க ஊதுகிற சத்தம் மேலே வரை கேட்டதாகச் சொன்னார். அந்தப் படத்தின் பின்னால் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்.

"எண் 123. 23.11.2024, காலை 7.10. தெரியும் படி 5. கல் இருக்கிறது. சுவர் இருக்கிறது. மண்டபம் இருக்கிறது."