பஸ்ஸில் ஏறிய வேதம்

அகதிகளாக வந்து சேர்ந்த இந்தக் குளிர் நாட்டில் எங்கள் அப்பா ஸ்கூல் பஸ் ஓட்டியவர். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, பேதர்ஸ்ட் தெருப் பக்கம் ஒரு யூதக் கோயில்காரர்களை எயார்போட்டில் கொண்டுபோய் விடும் ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கிடைத்தது. பிளேனைக் கிட்ட நின்று பார்க்க எனக்குத் தீராத ஆசை. அழுது பிடித்து நானும் ஏறிவிட்டேன்.

"ஆக்கள் கூடினா இறக்கி விட்டிடுவன். மாமா வந்து கூட்டிக்கொண்டு போவார். பிறகு சிணுங்கக்கூடாது," என்றார் அப்பா.

அந்தக் காலத்தில் எங்கள் அப்பார்ட்மெண்டில் உடுப்பு அலுமாரிதான் சாமி அறை. சுற்றிவரப் படங்கள், நடுவில் வெறும் மணைப்பலகை. அப்பா தினமும் அந்தப் பலகைக்கும் ஒரு பூ வைப்பார். எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

யூதக் கோயில் வாசலில் பனி சேறாகிக் கிடந்தது. கியூபாவில் அவர்களுக்கு ஒரு சகோதரக் கோயில் இருந்ததாம். அங்குள்ள சனத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். முக்கால்வாசிப் பேர் ஏறி இருந்த பிறகு, சிவப்புக் கோட் போட்ட உயரமான அன்ரி ஒருவர், வெள்ளைத் துணியில் சுற்றிய எதையோ குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"அது என்னெண்டு கேள் பிள்ளை," என்றார் அப்பா. அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. கேட்டேன். தோலில் கையால் எழுதிய அவர்களுடைய வேதமாம். அங்கே இருப்பது பழுதாகிவிட்டதால் இதைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார்களாம்.

அப்பா அந்த இடத்திலேயே சப்பாத்தைக் கழற்றினார். வெறும் சொக்ஸோடு சேற்றில் இறங்கி நின்று, "சாமி வாறார். எல்லாரையும் சப்பாத்தைக் கழட்டச் சொல்லு," என்றார்.

நானும் சத்தமாகச் சொன்னேன். பஸ்ஸின் சட்டமாக்கும் என்று நினைத்து ஒரு தடித்த மனிதர் உடனே குனிந்து லேஸை அவிழ்க்கத் தொடங்கினார். "என் சொக்ஸில் ஓட்டை இருக்கிறது, யாரும் பார்க்க வேண்டாம்," என்று அவர் சொல்ல, பஸ் முழுக்கச் சிரிப்பு. ஏன் கழற்ற வேண்டும் என்று அன்ரி என்னைக் கேட்டார். "கடவுள் ஏறுகிறார்," என்றேன்.

சிரிப்பு நின்றது. அன்ரி அப்பாவின் கால்களையே பார்த்தார். தாங்கள் சப்பாத்துக் கழற்றுவதில்லை, எழுந்து நிற்பதுதான் வழக்கம் என்று மெதுவாகச் சொன்னார். சொல்லி முடிக்குமுன் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கைத்தடி வைத்திருந்தவரும் எழுந்தார். வேதம் படியேறியது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. எங்கள் கோயிலில் திரை விலகும்போது வரும் அதே நடுக்கம்.

ஆனால் அதை வைக்க மிஞ்சியிருந்தது என் சீற் மட்டும்தான்.

"எழும்பு பிள்ளை. மாமாவுக்குப் போன் அடிக்கிறன்."

நான் வாயைத் திறந்து அழவில்லை. கண்ணீர் தானாக வந்தது. அன்ரி அப்பாவைத் தடுத்தார். இந்த பஸ்ஸில் பெல்ட் இல்லையே, பிள்ளை இறங்கினால் வேதம் விழாமல் மற்றப் பக்கத்தில் யார் பிடிப்பது என்றார். பிறகு என்னை ஜன்னலோரம் தள்ளி, வேதத்தை நடுவில் நிறுத்தி, தான் இந்தப் பக்கம் இருந்தார். எயார்போட் வரைக்கும் இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்திருந்தேன். மூச்சை விடவும் பயம். மேலே பிளேன்கள் இரைந்தன. நான் ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இறங்கும்போது அப்பா கவலையோடு கேட்டார்: "பிளேனில பெட்டியளோட கீழ போட்டிடுவாங்களோ எண்டு கேள்."

இல்லை, அதற்கும் ஒரு டிக்கட் எடுத்திருக்கிறோம், ஜன்னலோர சீற் என்றார் அன்ரி.

"என்னவாம்? திருப்பிச் சொல்லு."

"அதுக்கும் ஒரு சீற்றாம் அப்பா."

அப்பா ஸ்டியறிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

சண்டைக்காலத்தில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அப்பா மடியில் கட்டிக்கொண்டு வந்த எங்கள் சாமி அறைப் பிள்ளையாரை, "ஆக்களுக்கே இடமில்லை, உதை எறியுங்கோ," என்று வள்ளக்காரன் சொல்ல, கரையில் ஒரு தாழம்பற்றைக்குள் இருத்திவிட்டுத்தான் வள்ளம் ஏறினாராம். எனக்குக் கலியாணமான பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் சொக்ஸ் ஈரம் என்பதுதான். கால் குளிர்ந்துதான் அழுகிறார் என்று நினைத்து, என் கம்பளிக் கையுறை இரண்டையும் கழற்றி அவருடைய பாதங்களின் மேல் வைத்தேன்.