எங்கள் அத்தான் உழவு மெஷின் வாங்கிய லட்சணம்

கிரகரி அத்தானுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்க அரை நாள் வேண்டும். கைப்பிடியை இழுத்துப் பார்ப்பார், அடியைத் தட்டிப் பார்ப்பார், கவிழ்த்துப் போட்டுக் கடைக்காரரையே அதன் மேல் ஏறி நிற்கச் சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் உழவு மெஷின் வாங்கக் கிளம்பினால் யார் உயிர் போகும்? என் உயிர்தான். அவரிடம் இருப்பது ஒரு பழைய மோட்டார் சைக்கிள், என்னிடம் லோரி இருக்கிறது. போதாததற்கு அவர் கட்டியிருப்பது என் அக்கா வெரோனிகாவை. நான் எங்கே ஓடி ஒளிவது?

மலைமேல் திரிங்காப்பில் காய்கறி ஏற்றிக் கீழே ஈப்போவுக்குக் கொண்டுபோய் இறக்குவது என் பிழைப்பு. இறக்கிவிட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் என்று உட்கார்ந்தால் போன் அடிக்கும். "ஜெஃப்ரி, ஈப்போலதான இருக்க? அங்க ஒரு கடை இருக்குலா, ஒரு எட்டு போயி அந்த நீல மெஷினோட அடிப்பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பு." மெஷினின் அடிப்பக்கத்தைப் படம் எடுக்கக் கடைத் தரையில் மல்லாந்து படுத்தவன் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அத்தான் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில். மீசை முளைக்கும் முன்பே வேலையில் இறங்கினார், கிழவனாகிற வரை அங்கேயே இருந்தார். அத்தனை வருஷத்தில் தன் கையால் பிடித்த ஒரு சாமானைக்கூட அவர் தேர்ந்தெடுத்ததில்லை. கவாத்துக் கத்தி தோட்டம் கொடுத்தது. மருந்தடிக்கிற பம்பும் தோட்டம் கொடுத்ததுதான். தோட்டத்து ஆபீஸ் கிராணி ஸ்டோரைத் திறந்து எதை நீட்டுகிறாரோ அதை வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு தடவை இவர் காலைவிடப் பெரிய பூட்ஸைக் கொடுத்துவிட்டார்கள். மாற்றிக் கேட்டதற்கு, "துணி வெச்சு போட்டுக்க" என்றாராம் கிராணி. அதையே வருஷம் முழுக்கத் துணி வைத்துப் போட்டுக்கொண்டு மலை ஏறினார். பம்பு ஒழுகினால் பம்பின் மேல் பழி வராது, இவர் மேல்தான் வரும்.

வேலை முடிந்து லயத்து வீட்டைக் காலி செய்த பிறகு, அவரும் அக்காவுமாகக் கோலா தெர்லாவில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் கோஸும் வெங்காயத்தாளும் போட்டார்கள். அப்போதுதான் முதல்முறையாக ஒரு கடைக்காரர் அவரைப் பார்த்து, "உனக்கு எது வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து ஆணி வாங்கினாலும் ஆராய்ச்சிதான். எனக்கு இது நன்றாகவே புரிகிறது. புரிந்தும் எரிச்சல் வருகிறதே, அதற்கு நான் என்ன செய்ய?

போன வருஷக் கடைசியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஈப்போவில் சேர்த்து, இதயக் குழாயில் அடைப்பெடுத்து அனுப்பினார்கள். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மண்வெட்டியைத் தொடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கனமான எதையும் இழுக்கக்கூடாது. ஆக முழுத் தோட்டமும் அக்கா தலையில் விழுந்தது. கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிற்பதில்லை. பாத்தி முழுவதையும் அவள்தான் தனியாகக் கொத்தினாள். கொத்திக் கொத்தி வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். அன்றைக்கே சொன்னேன், மெஷின் வாங்கிவிடுங்கள் என்று. அத்தானும் உடனே சரி என்றார். அக்காவின் கை மொத்தமாகப் போவதற்குள் மெஷின் வந்து சேர வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்று நான் நினைத்தேன்.

முதலில் உட்கார்ந்து ஓட்டுகிற குட்டி டிராக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். நம்முடையது படி படியாக வெட்டின பாத்தி, அதில் இது திரும்பவே திரும்பாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே? கடைக்குப் போய் அதில் ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, என்னைப் படம் எடுக்கச் சொல்லி, இறங்கிவந்து, "திரும்பாதுலா" என்றார்.

பிறகு பின்னால் நடந்து ஓட்டுகிற வகைக்கு வந்தோம். அதில் மூன்று. கம்போங் ராஜாவில் ஒரு சீனக் கடை முதலாளி, தௌக்கே என்போம், அவரிடம் சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. ஈப்போவில் நான் மல்லாந்து படுத்துப் படம் எடுத்த நீலம். அத்தான் ஒரு காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தார். எந்த மெஷினைப் பார்த்தாலும் முதலில் காந்தத்தை வைப்பார். ஒட்டினால் இரும்பு, முகம் மலரும். ஒட்டாவிட்டால் அலுமினியம், முகம் சுருங்கும். சிவப்பு மெஷினின் கியர் பெட்டி கனத்த வார்ப்பிரும்பு. அதன் மேல் காந்தம் பட்டென்று ஒட்டியபோது பேரப்பிள்ளையைப் பார்த்ததுபோல் சிரித்தார். "இது நம்ம காலத்துக்கும் உழைக்கும்லா." நீலத்தின் கட்டமைப்பு பழுதில்லை, ஆனால் கத்தி தேய்ந்தால் மாற்றுக் கத்தி வெளியூரிலிருந்து வர வேண்டும். பச்சையை அவர் மெஷினாகவே மதிக்கவில்லை. "தகரம். ரெண்டு மழைக்கு இத்துப்போயிரும்."

சரி, சிவப்பையே வாங்கித் தொலையுங்கள் என்றால், விலையைக் குறைக்க முடியுமா என்று ஒரு வாரம். குறைத்தார்கள். அப்புறம் வெல்டிங்கில் ஒரு இடம் சரியில்லை என்று ஒரு வாரம். தௌக்கே வேறு ஒன்றை இறக்கிக் காட்டினார். அதில் பெயிண்ட் மெல்லிசு என்றார் அத்தான். அவ்வளவுதான், திரும்பி வருகிற வழியில் லோரியை ஓரங்கட்டினேன்.

"அத்தான், நீங்க பெயிண்ட்ட சொரண்டிக்கிட்டு இருக்கீங்க. அங்க அக்கா மம்பட்டிய பிடிச்சிக்கிட்டு நிக்கிறா. அந்தக் கைய பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன் மச்சான்."

"பாத்துமா?"

"மெஷினு ஒரு தடவதான வாங்கறோம்? பாத்துத்தான் வாங்கணும்."

"பாத்தது போதும்! சனிக்கிழம அக்காவையும் கூட்டிட்டு வரேன். ஓட்டிப் பாத்து அங்கயே வாங்குறோம். இல்லன்னா இனிமே என் லோரில ஏறாதீங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாய்க்கு வந்ததெல்லாம் பேசிவிட்டேனோ என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் சனிக்கிழமை விடவில்லை.

கடைக்குப் பின்னால் தௌக்கேவுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. ஓட்டிப் பார்க்கிறவர்களுக்கு அதில் நான்கைந்து பாத்திகளைச் சும்மா விட்டு, பக்கத்தில் வெங்காயத்தாள் போட்டிருந்தார். சிவப்பு மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தினார். கைப்பிடிகள் இரண்டு. இடது பிடியில் ஒரு நெம்பு, அதை அழுத்திப் பிடித்தால்தான் கத்தி சுழலும். வலது பிடியில் வேகம். தௌக்கே கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பிவிட்டு ஒதுங்கினார்.

அக்கா போய் இடது பிடியைப் பிடித்தாள். அத்தான் போய் வலது பிடியைப் பிடித்தார்.

ஒருவரை ஒருவர் கேட்கக்கூட இல்லை. அது பாட்டுக்கு நடந்தது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டுகிற மெஷினை இரண்டு பேர்தான் பிடிப்பார்கள். தேயிலைச் செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் செடிக்கு மேலே மெஷின். அக்காவும் அத்தானும் வேலை பார்த்த தோட்டத்தில் புருஷன் பெண்டாட்டியைத்தான் ஜோடி சேர்த்துவிடுவார்கள். காலையில் வீட்டில் சண்டை போட்டவர்கள்கூட ஒரே அடியாக எடுத்துவைத்து நடக்க வேண்டும், இல்லையென்றால் கொழுந்து கோணலாக வெட்டுப்படும். இவர்கள் இரண்டு பேரும் அப்படி எத்தனையோ வருஷம் நடந்தவர்கள். அத்தான் எப்போதும் எஞ்சின் பக்கம்.

ஆனால் இது கொழுந்து மெஷின் இல்லையே. அக்கா நெம்பை அழுத்தினாள், அத்தான் வேகத்தைக் கூட்டினார், மெஷின் ஒரு துள்ளு துள்ளி நேராக வெங்காயத்தாளுக்குள் இறங்கியது. அக்கா இந்தப் பக்கம் இழுக்க, அத்தான் அந்தப் பக்கம் இழுக்க, அது இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போனது. "சத்து ஓராங்! சத்து ஓராங்!" என்று ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார் தௌக்கே. ஒரு ஆள்தான் பிடிக்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அவருடைய நெஞ்சை நினைத்துப் பயம் ஒரு பக்கம். "அத்தான், கைய விடுங்க!" என்று கத்தினேன். அவர் விடவில்லை. அக்காதான் நெம்பை விட்டாள். மெஷின் நின்றது.

பிறகு அக்கா தனியாக அதைப் பிடித்துப் பார்த்தாள். அந்தக் கனத்துக்கு அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. பாத்தி முடிகிற இடத்தில் திருப்ப முடியாமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தான் உடனே, "பாத்தியா, சரிப்படாதுலா. வா போலாம். ஈப்போல இன்னும் ஒரு கடை இருக்காம்" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

"அந்தப் பச்சைய எடுக்கச் சொல்லு, ஜெஃப்ரி" என்றாள் அக்கா.

பச்சை மெஷின் அவள் சொன்னபடி கேட்டது. கயிற்றை இடது கையால் இழுத்தே கிளப்பிவிட்டாள். ஒரு பாத்தி போனாள், ஓரத்தில் திருப்பினாள், திரும்பி வந்தாள். மண் பொலபொலவென்று புரண்டது. இரண்டாவது பாத்திக்கும் போனாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து நாளாகிவிட்டது. இதைப் பார்த்து அத்தான் குதிக்க வேண்டுமா இல்லையா? அவர் முகம் செத்துப்போயிருந்தது. காந்தத்தை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கத்தில் குனிந்தார்.

"கியர் பெட்டி அலுமினியம். போல்ட்டு சின்னது. கைப்பிடி ஆடுது பாரு. ஒரு கல்லு மாட்டுனா…"

"என்னங்க" என்றாள் அக்கா.

"இந்த அடித்தகடு…"

"என்னங்க, நிமிருங்க. உங்களுக்கு எந்த மெஷினும் பிடிக்காது. செவப்ப குடுத்தாலும் பிடிக்காது, நீலத்த குடுத்தாலும் பிடிக்காது. எனக்குத் தெரியும்."

அவர் நிமிர்ந்தார். தௌக்கே மரியாதையாகக் கடைக்குள் போய்விட்டார். எனக்குத்தான் போக இடமில்லை.

"நீ ஒத்தையா ஓட்டிக்கிட்டுப் போற" என்றார் அத்தான். "இது வந்துட்டா நான் எதுக்கு, வெரோனி? மம்பட்டியும் கூடாது, மூட்டையும் கூடாதுன்னுட்டாங்க. புடிச்சு வெச்ச பொம்ம மாதிரி வரப்புல உக்காந்து உன்னைய பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

இத்தனை வாரம் என்னை ஈப்போவுக்கும் கம்போங் ராஜாவுக்கும் அலையவிட்டது பெயிண்ட் இல்லை, வெல்டிங் இல்லை. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே, மனிதா! கோபம் பொங்கிக்கொண்டு வந்தது, ஆனால் யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அக்கா அழவில்லை. மண் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா, உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கணும்" என்றாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நான் மாதாகிட்ட கேட்டது அதத்தான். இந்த மனுசன் சும்மா உக்காந்திருந்தாலும் போதும், எனக்குக் கண்ணு முன்னால இருந்தா போதும்னு கேட்டேன். அவளும் குடுத்துட்டா. இப்ப நீங்க முடியாதுங்கறீங்க."

அத்தான் பச்சை மெஷினை ஒரு தடவை சுற்றி வந்தார். காந்தம் கையிலேயே இருந்தது. பிறகு கடைக்குள் எட்டிப் பார்த்து, "தௌக்கே, இந்தப் பச்சை" என்றார். ரசீது யார் பேருக்கு என்று தௌக்கே கேட்டார். "இவ பேருக்கு" என்றார் அத்தான்.

மெஷினை லோரியில் ஏற்ற வேண்டும். அக்கா முன்பக்கத்தைப் பிடித்தாள். அத்தான் வழக்கம்போல் மறுபக்கம் போய்க் குனிந்து கையை வைத்துவிட்டார். நான் கத்த வாயெடுத்தேன். அதற்குள் அக்கா அவரைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அவர் கையை எடுத்துவிட்டார். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். நானும் அக்காவுமாகத் தூக்கி ஏற்றினோம்.

கோலா தெர்லா வரைக்கும் மூன்று பேரும் முன் சீட்டில் நெருக்கியடித்து வந்தோம். வளைவில் திரும்பும்போதெல்லாம் பின்னால் மெஷினின் கைப்பிடி கடகடவென்று ஆடியது, அத்தான் காதில் விழாமல் இருக்காது. பாரு, தகரம், நான் அப்பவே சொன்னேன்லா என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைய மாட்டாரா என்று வழி நெடுக நான் காத்துக்கொண்டே ஓட்டினேன்.