ஏற்காடு போய்வந்த புலி

எங்கள் வீட்டில் ஸ்வெட்டர் கிடையாது. கூட்டேரிப்பட்டைச் சுற்றியுள்ள எந்த வீட்டிலும் இருக்காது என்றே நினைக்கிறேன். மார்கழி விடியலில் பால் ஊற்றப் போகிறவர்கள் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வார்கள், எங்கள் பக்கத்துக் குளிருக்கு அது போதும். மலை என்றால் எனக்குத் தெரிந்தது மயிலம் மலைதான். அதில் வெயில் நேரத்தில் ஏறினால் கால்தான் சுடும். அப்படிப்பட்ட நான், பி.காம் மூன்றாம் வருஷம் படிக்கையில், ஏற்காட்டுக் குளிரைச் சமாளிக்கும் பொறுப்பை மார்தட்டி ஏற்றுக்கொண்டேன்.

மொத்தம் மூன்று பேர். திண்டிவனத்துக்காரன் பஸ்ஸையும் ரூமையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். கோட்டக்குப்பத்துக்காரன் இரண்டு வேளைச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிவருவதாகச் சொன்னான். எனக்கு என்ன வேலை என்று இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். செல்போனில் பார்த்தால் ஏற்காட்டில் பதினெட்டு டிகிரி. பதினெட்டு என்ற எண்ணை நாங்கள் ஏ.சி. ரிமோட்டில்தான் பார்த்திருந்தோம். "குளிர எங்கிட்ட வுடுங்கடா" என்றேன்.

என் மனதில் இருந்தது பீரோவுக்கு மேலே இருந்த போர்வை. அப்பா ரியாத்தில் டிரைவர். நான்கு வருஷம் முன்பு லீவில் வந்தபோது கொண்டுவந்தது. சிவப்பில் பெரிய புலித்தலை போட்ட, இரண்டு ஆள் அகலப் போர்வை. பளபள பிளாஸ்டிக் பையில், ஜிப் போட்டு வந்தது. அக்கா கல்யாணச் சீருக்கு என்று அம்மா அதை அப்படியே பீரோ மேல் ஏற்றிவிட்டாள். சொந்தக்காரர்கள் வந்தால் இறங்கும், பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே புலி முகம் காட்டும், மறுபடி ஏறிவிடும். ஜிப்பின் நுனியைப் பையோடு சேர்த்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நரம்பு பிணைத்திருந்தது. அதில் அரபியில் எழுதிய கடைச்சீட்டு தொங்கும். அம்மா புலியைவிட முதலில் அந்தச் சீட்டைத்தான் காட்டுவாள். இன்னும் பிரிக்கவே இல்லை என்பதற்கு அது சாட்சி.

வீட்டில் காலேஜிலிருந்து தொழிற்சாலை பார்க்கக் கூட்டிப்போகிறார்கள் என்று சொல்லிவைத்தேன். புலியை அரிசிக் கோணியில் இறக்கினேன். அதன் இடத்தில் இரண்டு பழைய தலையணைகளை ஒரு கட்டைப்பையில் திணித்து வைத்தேன். கீழே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

விழுப்புரத்தில் சேலம் பஸ் மாறினோம். கோணியைப் பார்த்ததும் கண்டக்டர் நின்றுவிட்டார்.

"மூட்டைல இன்னா கீது தம்பி?"

"போர்வைங்க."

"ஆவணி மாசத்துல?" என்று கேட்டுவிட்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்தார். அதோடு நாங்கள் படகில் போக எடுத்துவைத்திருந்த காசு தீர்ந்தது. கள்ளக்குறிச்சி தாண்டும்வரை இரண்டு பேரும் என்னோடு பேசவில்லை.

ஏற்காட்டில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, அரைக்கைச் சட்டையோடு வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவர். நாங்கள் கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு பல் கிட்டிக்க அவரைக் கடந்துபோனோம். படகுக்குத்தான் காசில்லையே, ஏரிக்கரையில் உட்கார்ந்து படகில் போகிறவர்களுக்குத் துடுப்புப் போடத் தெரியவில்லை என்று மாலைவரை குறை சொன்னோம். மிளகாய் பஜ்ஜி ஒரு தட்டு வாங்கி மூன்றாகப் பிய்த்தோம். உள்ளபடியே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பனிமூட்டம் ஏரியின் மேல் இறங்கியபோது மூன்று பேருமே குறை சொல்வதை விட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தோம்.

லாட்ஜில் ஒரு கட்டில், ஒரு மெல்லிய விரிப்பு. கம்பளி வேண்டுமென்றால் வாடகைக்குத் தருவதாகச் சொன்னார்கள். திண்டிவனத்துக்காரன் என் தோளில் தட்டி, "வாணாங்க, எங்ககிட்டயே கீது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தான்.

ரூமில் கோணியை அவிழ்த்துப் பையை எடுத்தேன். திண்டிவனத்துக்காரன் ஜிப்பில் கை வைத்தான். அப்போதுதான் அந்தச் சீட்டு என் கண்ணில் பட்டது. நான்கு வருஷமாகப் பார்த்த சீட்டுதான். அதை அறுக்காமல் ஜிப்பைத் திறக்க முடியாது, அறுத்தால் ஒட்ட முடியாது என்பது ஏற்காட்டுக்கு வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. பையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"மச்சி, இதப் பிரிக்க முடியாதுடா."

வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. திண்டிவனத்துக்காரன் கம்பளி கேட்டுக் கீழே ஓடினான். அதற்குள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கியவர்கள் எல்லாவற்றையும் வாங்கிவிட்டிருந்தார்கள். கோட்டக்குப்பத்துக்காரன் மட்டும் கோபப்படாமல் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் வீட்டில் அப்பா, மாமா, சித்தப்பா எல்லாருமே வெளிநாடு. "எங்க வூட்டுல இந்த மாதிரி ஏழு எட்டு சும்மா கெடக்குதுடா" என்றான். "சொல்லியிருந்தா ஒண்ணு எடுத்தாந்திருப்பேன்." அவன் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் இது ஒன்றுதான் என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

கடைசியில் பையைப் பிரிக்காமலே மூன்று பேர் காலுக்கும் குறுக்கே போட்டுக்கொண்டு படுத்தோம். யாராவது புரண்டால் பிளாஸ்டிக் சரசரக்கும், புலி சரிந்து தரையில் விழும், நான் எழுந்து தூசி தட்டி மறுபடி தூக்கிப் போடுவேன்.

மறுநாள் காட்சிமுனைக்கு நடந்தபோது தூறல் பிடித்துக்கொண்டது. லாட்ஜில் விட்டுவந்தால் யாராவது எடுத்துவிடுவார்களோ என்று கோணியைச் சுமந்துகொண்டே போயிருந்தேன். கோணி நனைய ஆரம்பித்ததும் சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்தி, பனியனோடு நின்றேன். அங்கே வந்திருந்த ஒரு குடும்பம் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. குளிருக்காகக் கொண்டுபோன போர்வைக்குக் குளிராமல் பார்த்துக்கொண்ட ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்று சாயங்காலம் இருமிக்கொண்டே வீடு வந்தேன். அம்மா கடைக்குப் போயிருந்தாள். பையைத் துடைத்து, பீரோ மேல் ஏற்றி, தலையணைகளைப் பழைய இடத்தில் போட்டேன். புலிக்கு ஒரு கீறல் இல்லை, சீட்டு அறுபடவில்லை. இவ்வளவு சாமர்த்தியமாக இதுவரை நான் எதையும் செய்து முடித்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா வெள்ளிக்கிழமை தோறும் வீடு கழுவும்போது ஸ்டூல் போட்டு பீரோ மேலேயும் துடைப்பாள். இருபது வருஷம் அதே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிய எனக்கு அது தெரியாது. ஒரு நாளாவது துடைப்பத்தைத் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

வந்தவள் என் இருமலைக் கேட்டதும் அடுப்பைப் பற்றவைத்தாள். கஷாயம் போட்டுக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் வீடியோ கால் வந்தது. அம்மா போனை நேராக என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

"மலைக்குப் போய்க்கினு வந்தியாமே?" என்றார் அப்பா.

எந்த மலை என்று கேட்கலாமா என ஒரு நொடி யோசித்தேன். அக்கா பின்னால் நின்று பீரோ மேலே பார்த்தாள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. போர்வையைத் தூக்கிக்கொண்டு யாரும் தொழிற்சாலை பார்க்கப் போகமாட்டார்கள். நான் ஸ்டூலில் ஏறிப் பையை இறக்கி, சீட்டைக் கேமராவுக்கு நேராகக் காட்டினேன். "பாருங்கப்பா, பிரிக்கவே இல்ல. சீட்டு அப்பிடியே கீது. ராத்திரி பூரா நடுங்கினு கெடந்தோம், ஆனா தொடல" என்றேன். பாராட்டு வரும் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அப்பா திரையிலிருந்து கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். அவருக்குப் பின்னால் இரட்டை அடுக்குக் கட்டிலும், அதில் கம்பெனி கொடுத்த பழுப்புக் கம்பளியும் தெரிந்தன. லைன் போய்விட்டதோ என்று அம்மா போனைத் தட்டினாள்.

"பிரிச்சிருக்கலாம்டா" என்றார். "கடைல தொட்டுப் பாத்து வாங்கினதோட சரி, நான் போத்திப் பாத்ததில்ல. எப்பிடி இருந்துச்சுன்னு கேக்கலாம்னுதான் போன் போட்டேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நான்கு வருஷம் அந்தப் பையை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அப்பா எதைப் போர்த்திக்கொள்கிறார் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. அழுகை வந்தது, சளிபோல் காட்டிக்கொண்டேன்.

அக்காதான் உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள். அம்மா "ஏய், உனக்குன்னு வச்சதுடி" என்றாள். "எனக்குன்னா நான்தான வெட்டணும்" என்று சொல்லி அக்கா நரம்பை வெட்டினாள். ஜிப் திறந்ததும் நான்கு வருஷத்துப் புதுத்துணி வாசனை அறை முழுக்க வந்தது. அம்மா போனைத் தள்ளிப் பிடித்தாள், அக்கா புலியை உதறி என் தலையோடு போர்த்தினாள். கரண்ட் போய் மின்விசிறி நின்றிருந்த நேரம். ஆவணிப் புழுக்கத்தில் கழுத்திலிருந்து முதுகுவரை வியர்வை ஓடியது.

"எப்பிடிடா கீது?" என்றார் அப்பா, முகத்தைத் திரைக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து.

"கதகதன்னு கீதுப்பா" என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கச் சொன்னார். இருந்தேன்.