கட்டி வைத்த தண்ணீர்

எங்கள் சித்தப்பாவை என்ன செய்வது என்று அந்த ஆண்டவனுக்கே தெரிந்திருக்காது. ஓசியில் கிடைக்கிறது என்றால் தேளைக்கூட இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிற ஆள். சுருளிப்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டத்தை ஒட்டி ஒரு கழிவோடை ஓடும். மேலே இருக்கும் நெல் வயல்களிலும் திராட்சைத் தோட்டங்களிலும் பாய்ந்து மிஞ்சியதெல்லாம் அதில்தான் வடிந்து வரும். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்டிப் போகும்போது, இவர் மட்டும் கரையில் குத்தவைத்து ரசித்துக்கொண்டிருப்பார். மேலே மூட்டை மூட்டையாகக் கொட்டுகிற உரம் கரைந்து இதில்தானே வருகிறது, நாம் எதற்குக் காசு கொடுத்து உரம் வாங்க வேண்டும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. டீக்கடை, கல்யாணப் பந்தி, துக்க வீடு என்று ஓர் இடம் பாக்கி வைக்காமல் இதைச் சொல்லிவிடுவார். எங்களுக்குக் கீழ்த் தோட்டம் அத்தையுடையது, அப்பாவின் அக்கா. அத்தையிடம் இதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்திருக்கும்.

அம்மாவுக்கு அந்தத் தண்ணீரே ஆகாது. ஒருமுறை அதில் இறங்கி வேலை பார்த்துக் கால் முழுக்க அரித்துப் புண்ணாகிவிட்டது. மருந்தடித்த டிரம்மையெல்லாம் அதில்தான் கழுவுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அப்பா கேரள எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினார். தோட்டத்துப் பக்கம் அவர் எட்டிப் பார்ப்பது அபூர்வம். நாற்று விட்டது, நட்டது, களை எடுத்தது, முட்டுக் குச்சி கட்டியது எல்லாம் அம்மாவின் தனிப்பாடு. அந்த வருடம் தக்காளி அப்படி வாளிப்பாக வந்திருந்தது. செடியைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அம்மாவுக்குச் சோறு இறங்கும்.

நேரம் பார்த்துக் கிணற்று மோட்டாரில் காயில் கம்பி எரிந்து தொலைந்தது. கம்பம் டவுனில் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் கடைக்காரர் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். அதற்குள் ஆண்டிபட்டியில் அம்மாவின் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்துவிட்டது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை, ஆகவே என்னையும் தோட்டத்தையும் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு அம்மாவும் அப்பாவும் கிளம்பினார்கள். செடி வாடினாலும் வாடட்டும், அந்த ஓடைத் தண்ணீரை மட்டும் திருப்பிவிடக் கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொன்னாள். சித்தப்பா நன்றாகத் தலையை ஆட்டினார்.

பஸ் ஊரைத் தாண்டியிருக்காது, யாரிடமோ ஆயில் இன்ஜினை இரவல் வாங்கி ஓடையில் குழாயைப் போட்டுவிட்டார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், தக்காளிப் பாத்தியெல்லாம் தளும்பி நிற்கிறது. கலங்கல் தண்ணீர், ஓரமெல்லாம் நுரை.

"உங்கம்மா வந்து பாத்தாகன்னா அசந்துபோவாக பாரு" என்றார் சித்தப்பா.

மறுநாள் அவர்தான் அசந்துபோனார். குருத்தெல்லாம் முறுக்கிக்கொண்டு, இலை சுருண்டு, தண்டு வளைந்து கிடந்தது. முதலில் வெயில் என்றார். பிறகு யார் கண்ணோ பட்டுவிட்டது என்றார். பிறகு வைரஸ் என்றார். மருந்துக் கடைக்காரரோ செடியைப் பார்க்காமலேயே இன்னொரு மருந்தைக் கொடுத்து இதை அடி என்று அனுப்பினார். நல்ல வேளை, அதை அடிப்பதற்குள் சித்தப்பாவுக்கு வேறு யோசனை வந்தது. கீழ்மடையை வெட்டித் தண்ணீரை அத்தை தோட்டத்துக்கு வடித்துவிட்டால் பாதிச் செடியாவது பிழைக்கும். மண்வெட்டியை எடுத்து மடையில் இரண்டு வெட்டு வெட்டியிருப்பார், அம்மா வந்து நின்றாள். கட்டிய பட்டுச் சேலையோடு, தலையில் வாடிய பூவோடு, பஸ்ஸை விட்டு இறங்கி நேராகத் தோட்டத்துக்கே வந்திருந்தாள்.

தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி மோந்து பார்த்தாள். மேலே நெல்லுக்குக் களைக்கொல்லி அடித்து வடித்துவிட்டிருக்கிறார்கள். கூலிக்குக் களையெடுக்கப் போன காலத்திலிருந்தே அந்த வாடை அம்மாவுக்குத் தெரியும். சித்தப்பாவை அன்றைக்கு அவள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் மண்வெட்டியைப் பிடித்தபடி அத்தனையையும் வாங்கிக்கொண்டார். பேசி முடித்ததும் அம்மா அந்த மண்வெட்டியைப் பிடுங்கி, வெட்டிய மடையில் சேற்றை அள்ளி அள்ளிப் போட்டு அடைத்தாள்.

"கீழ அவரைக்கொடி பூத்து நிக்குது, கண்ணு தெரியலையா?"

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. வரப்பில் நிற்கும் ஒரு தென்னை மரம் யாருடையது என்ற சண்டையில் அம்மாவும் அத்தையும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். இத்தனைக்கும் அந்த மரம் காய்ப்பதே இல்லை. மடையை அடைத்த கையோடு, தென்னையை வேரோடு தின்னப் பிறந்தவள் என்று அத்தையைத் திட்டிக்கொண்டும் இருந்தாள். பின்னாலேயே வந்த அப்பா, வடித்துவிட்டால் பாதியாவது தேறுமே என்று கெஞ்சிப் பார்த்தார். அம்மா மடை மேலேயே நின்றுகொண்டாள், ராத்திரிகூட வீட்டுக்கு வரவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் மேல் வயல்காரரிடம் நியாயம் கேட்கப் போனார்கள். கழிவுத் தண்ணீரை எடுத்துப் பாய்ச்சுங்கள் என்று நானா சொன்னேன் என்று அவர் கேட்க, போன வழியே திரும்பி வந்தார்கள். அத்தனை செடியும் போயிற்று. அம்மா காவல் காத்த தண்ணீர் மட்டும் எங்கே போயிருக்கும்? எங்கள் மண்ணில்தான் இறங்கியது, கிணற்றுக்கும் கொஞ்சம் போயிருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலையில் அத்தை வரப்பில் வந்து நின்று ஊரைக் கூட்டினாள். தம்பி பெண்டாட்டி உரத் தண்ணீரை ஒரு சொட்டுக் கீழே விடாமல் தனக்கே கட்டி வைத்துக்கொண்டாளாம். அத்தையுடைய அவரைக்கொடி காய்ந்து சாக வேண்டும் என்பதுதான் அம்மாவின் எண்ணமாம். சித்தப்பா இத்தனை நாள் ஓதிய வேதம் அத்தை வாயிலிருந்து ஒரு சொல் பிசகாமல் வந்தது. அவரோ தலையைக் குனிந்துகொண்டு இல்லாத களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மனுஷன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மாதக்கணக்காகப் பேசாத அம்மா அன்றைக்குத்தான் வாய் திறந்தாள்.

"அது கெட்ட தண்ணி, மதினி. செடியெல்லாம் போச்சு. உங்களுக்கு வேணாம்."

அத்தை ஊரைப் பார்த்துத் திரும்பிச் சிரித்தாள்.

"கேட்டீகளா கதைய? கெட்ட தண்ணிய எவளாவது தன் தோட்டத்துல கட்டி வச்சுக் காவல் காப்பாளா?"

சேறு காய்ந்த பட்டுச் சேலையோடு அம்மா மடையை விட்டு நகராமல் நின்றாள். அத்தை கேட்டது நியாயமான கேள்விதான் என்று எனக்கும் பட்டது. அம்மா மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.