இரண்டு மணிக்கு உறுமிய பூதம்

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கணவரின் வேலைக்காக வந்து, கன்னட எல்லையோரம் இருக்கும் ஜூஜுவாடியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். மகளுக்கு நாலு வயது. மதியம் அவளுக்குச் சோறு ஊட்டுவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும். பூச்சாண்டி என்றால் சிரிப்பாள். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்காவும் தன் பங்குக்கு, "கும்மா பர்த்தானே", கும்மா வர்றான், என்று கண்ணை உருட்டிப் பார்த்தார்.

"கும்மாவும் பூச்சாண்டியும் அண்ணன் தம்பியா?" என்று கேட்டாள் மகள்.

ஒருநாள் அவள் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தபோது, கணவரின் ஃபேக்டரியில் இரண்டு மணிச் சங்கு ஊதியது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"கேட்டியா? சாப்பிடாதவங்களத் தேடி பூதம் உறுமுது."

சட்டென்று வாய் திறந்தது. அந்த வாரம் முழுக்க இரண்டு மணிக்கு முன்பே தட்டு காலியானது. அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அடுத்த திங்கள் கணவருக்கு செகண்ட் ஷிப்ட். யூனிஃபார்ம் போட்டுக் கிளம்பியவரின் காலை மகள் கட்டிக்கொண்டாள்.

"போகாதப்பா. பூதம் அங்கதான் கத்துது. நீ காலைல சாப்பிடவே இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். ஷூவோடு உட்கார்ந்து, அவள் கண்ணெதிரே ஒரு தட்டுச் சோற்றை முடித்த பிறகுதான் விட்டாள். கம்பெனி பஸ் போய்விட்டிருந்தது. ஷேர் ஆட்டோவுக்கு ஓடினார்.

ஆயுத பூஜையன்று குடும்பத்தோடு ஃபேக்டரிக்குள் விட்டார்கள். என் தோளில் முகத்தைப் புதைத்தபடியே வந்தாள். கணவர் விஷயத்தைச் சொன்னதும், செக்யூரிட்டிக்காரர் சிரித்துக்கொண்டே அவளை வாங்கி, சுவரிலிருந்த பட்டனைக் காட்டினார்.

"அமுக்கு பாப்பா."

அமுக்கினாள். சங்கு அலறியது. பயந்து விரலை எடுத்தாள், நின்றது. மறுபடி அமுக்கினாள்.

"பாவம்மா இது. நாம சொன்னாத்தான் கத்துது."

"அம்மாதான் பொய் சொல்லிட்டேன்டி" என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளோ பொரிப் பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமாகிவிட்டாள்.

மறுநாள் சோறு பழையபடி இழுபறியானது. அக்கா தன் தட்டோடு வந்து வாசலில் உட்கார்ந்தார். கேழ்வரகுக் களி, கீரைச் சாறு. மகள் அவர் தட்டிலிருந்தே பிட்டு எடுத்து, மென்று, மறுபடி கை நீட்டினாள்.

"பூதம் இல்ல, உன் சாம்பார்தான் பிரச்சன" என்றார் அக்கா.

அன்றைக்கே அவரிடம் களி கிண்டக் கற்றுக்கொண்டேன். முதல் தடவை கட்டி தட்டிவிட்டது. இருந்தும் இரண்டு உருண்டை சாப்பிட்டாள்.