மடித்துவிட்ட பெல்பாட்டம்

புது டெரிகாட்டன் துணி மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை அடிக்கும். வேர்வை பட்டால் தொடையோடு ஒட்டிக்கொள்ளும். நடந்தால் இரண்டு கால் விரிப்பும் ஒன்றோடொன்று உரசி 'சரக் சரக்' என்று சத்தம் போடும். இதைத்தான் இப்போது என் வயதுக்காரர்கள் கைப்பேசிக் குழுக்களில் பழைய புகைப்படங்களாகப் போட்டு, காதை மூடிய முடி, 'நாய்க்காது காலர்', தெருவைப் பெருக்கிய 'பெல்ஸ்' என்று உருகிக்கொண்டிருக்கிறார்கள். உருகட்டும். எனக்கு அந்தத் துணிமேல் ஒரு பாசமும் கிடையாது. என்னிடம் ஒரே ஒரு பெல்பாட்டம் இருந்தது, அதை நான் போட்டது ஒரு முக்கால் மணி நேரம்.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் ஊர் என்று சொன்னாலும் நாங்கள் இருந்தது ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் காலனியில். பஸ் நிற்கும் இடமோ ஊர்த்தெருவின் கடைசியில். வேறு வழி கிடையாது. லுங்கியை முழங்காலுக்குமேல் மடித்துக் கட்டியிருந்தால் பால் சொசைட்டி திருப்பத்திலேயே அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டுத்தான் ஊர்த்தெருவுக்குள் கால் வைக்க வேண்டும். மடித்துக் கட்டியபடி போனால் திமிர். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. என் அப்பாவின் கை அந்தத் திருப்பம் வந்ததும் தானாக இடுப்புக்குப் போகும்.

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. இரண்டு வருடம் செங்கல் சுமந்தேன். பதினாறு வயதில் செங்கல்பட்டில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியிலிருந்து, வெல்டர் பிரிவுக்கு நேர்முகம், காலை பத்து மணிக்கு வரவும் என்று கடிதம் வந்தது. எட்டாவது படித்தவனையும் சேர்ப்பார்கள். அந்த ஒரு பிரிவுதான் எனக்குத் திறந்திருந்தது. செங்கல்பட்டில் சைக்கிள் கடையில் வேலை செய்த என் மாமன் மகன் ஏழுமலை, "லுங்கியோட வந்தீனா வாட்ச்மேனே உள்ள வுட மாட்டான் மச்சான், பேன்ட்டு மாட்டிக்கினு வா" என்று சொல்லி அனுப்பினான். அம்மா நடவுக்குப் போய்ச் சேர்த்துத் துணி வாங்கினாள்.

தைத்தது ஊர்த்தெரு கன்னியப்பன் டெய்லர். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. காலனிக்காரர்கள் உடம்பில் அவர் டேப் வைக்க மாட்டார்; வாசலில் நின்று 'அளவுத்துணி' கொடுக்க வேண்டும், பழைய சட்டையின் அளவைப் பார்த்துப் புதுச்சட்டை தைப்பார். அதற்குமுன் பேன்ட்டே போடாதவன் அளவுப் பேன்ட்டுக்கு எங்கே போவான்? ஏழுமலையின் பேன்ட்டைக் கொடுத்தேன். அவன் என்னைவிட நான்கு விரல் உயரம். "பெல்ஸ் வெக்கவாடா?" என்று கேட்டார். வையுங்கள் என்றேன். ஆசைப்பட்டேன், அதை மறைக்க ஒன்றுமில்லை.

நேர்முகத்தன்று காலையில் என்னைப் பார்த்ததும் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. "இம்மா அகலம் ஊர்த்தெருவுல ஆவாதுடா. ஆண்ட கண்ணுல பட்டா பேஜாரு. முட்டி வரிக்கும் மடிச்சி வுட்டுக்க, பஸ்ல ஏறி எறக்கிக்கலாம்" என்றார். ஆண்டை என்பது பெரிய வீட்டுக்காரர். அப்பா அவர் நிலத்தில்தான் வேலை செய்தார். அப்பா அகலத்தை மறைப்பதிலேயே குறியாக இருந்தார். வாழ்நாளெல்லாம் எதை இறக்கிவிட்டு அந்தத் தெருவில் நடந்தாரோ, அதையே தன் மகனை உயர்த்திக்கொண்டு நடக்கச் சொல்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பால் சொசைட்டி திருப்பத்தில் அவர் தன் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு பத்தடி பின்னால் வந்தார். நான் முழங்கால் தெரிய முன்னால் நடந்தேன்.

பெரிய வீட்டுக்காரர் டெய்லர் கடை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யார்ரா அவன்? தூக்கிக் கட்டிக்கினு என் எதுர்லயே வர்றான்? எறக்குடா."

குனிந்து மடிப்பைப் பிரித்தேன். நான்கு விரல் நீளம் அதிகமான அந்த இரண்டு விரிப்பும் பொத்தென்று விழுந்து என் செருப்பில்லாத காலையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் தெருவையும் மூடின.

"இன்னாடா இது, பாவாடையா? கால் ஒண்ணுக்கு ஒண்ணா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன் "பொட்டு எங்கடா?" என்றான். நான் சிரித்துவிட்டுப் போயிருந்தால் போயிருக்கும். "தூக்கனாலும் தப்பு, எறக்கனாலும் தப்புன்னா இன்னாதான் ஆண்டே பண்றது?" என்று கேட்டேன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

"கேள்வி கேக்கறான் பார்ரா" என்று அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "கன்னியப்பா, நீதான தெச்ச? நீயே வெட்டு."

கன்னியப்பன் கத்தரிக்கோலோடு வெளியே வந்து நின்றார். வெட்ட வேண்டுமென்றால் என் காலைப் பிடிக்க வேண்டும். "நா எப்பிடிண்ணா அவன் கால…" என்று இழுத்துவிட்டு, கத்தரிக்கோலை மண்ணில் வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை, என் அப்பாவைப் பார்த்தார்.

அப்பா வந்து அதை எடுத்தார்.

கதிர் அறுக்கிற கை அது. கத்தரிக்கோல் பழகாத கை. ஒரு கையால் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே துணியை மென்று மென்று வெட்டினார். "ஆட்டாதடா, கால்ல பட்ரும்" என்று மெதுவாகச் சொன்னார். கன்னியப்பன் தள்ளி நின்று, "இன்னும் ரெண்டு வெரலு மேல, அப்பத்தான் நேரா வரும்" என்று தொழில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது காலில் பாதி வெட்டும்போது செங்கல்பட்டு பஸ் வந்து, நின்று, போய்விட்டது. அடுத்தது பதினொன்றரைக்கு. நேர்முகக் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

"வூட்டுக்குப் போலாம் வா" என்றார் அப்பா. எதிர்ப்பக்கமாக மாமல்லபுரம் பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அங்கே கடற்கரையில் பார்த்தால் வெள்ளைக்காரர்கள் முழங்காலோடு வெட்டிய பேன்ட்டில், நூல் தொங்கத் தொங்க அலைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போடும் கடைக்காரர் என் காலைப் பார்த்து, "இன்னா மச்சான், வெள்ளக்காரன் குட்த்ததா? ஷோக்கா கீது" என்றார். ஆமாம் என்றேன். வெள்ளைக்காரர்களோடு பழகியவன் என்று நினைத்துத் தட்டு கழுவ வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பாண்டிச்சேரி, நெல்லூர், பம்பாய். வெல்டிங் பட்டறைகளிலும் இருந்தேன், சான்றிதழ் இல்லாததால் எல்லா இடத்திலும் எடுபிடியாகத்தான். கண்ணாடி தர மாட்டார்கள். கண் வீங்கும், உருளைக்கிழங்கை வெட்டி வைத்துக்கொண்டு படுப்போம்.

மூன்று வருடம் கழித்து வீட்டுக்கு வந்தபோது, அம்மா சோற்றுப் பானையை இறக்க இரண்டு துணி வைத்திருந்தாள். கரி பிடித்திருந்தாலும் மடித்துத் தைத்த விளிம்பு தெரிந்தது. அப்பா அதைத் தெருவிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பெரிய வீட்டுக்காரரை நான் மன்னிக்கவில்லை. அப்பாவை மன்னித்தேனா என்று எனக்கே தெரியாது; கணுக்காலைப் பிடித்த அந்தப் பிடி மட்டும் இன்னும் இருக்கிறது.

போன மாதம் தம்பி மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். பெரிய வீட்டை இடித்து மனை போட்டுக் கொடி நட்டிருக்கிறார்கள், மகன்கள் கூடுவாஞ்சேரியிலாம். கல்யாணப் பெண் எனக்குக் கடையில் வாங்கி வைத்திருந்த பேன்ட் நீளமாக இருந்தது. "டெய்லர் தாத்தா சின்னது பண்ணித் தருவாரு பெரியப்பா, போட்டுக்கினே போங்க" என்று அனுப்பினாள். கன்னியப்பன்தான். அதே கடை, பார்வை மங்கிவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு முனகியபடி என் முன்னால் மண்டியிட்டு, ஒரு கையால் என் கணுக்காலைப் பிடித்தார்.

"எவ்ளோ வெட்டணும் அண்ணாத்த?"

"வெட்ட வேணாம்" என்று காலை இழுத்துக்கொண்டேன். அவர் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

வெளியே வந்து, பேன்ட்டை இரண்டு பக்கமும் முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, தெரு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடுவில் நடந்தேன். பெஞ்சு இல்லை. தூக்காதே, இறக்கு என்று சொன்னவன் ஒருவனும் இல்லை. அரைக்கால் டவுசரில் ஊர்ப் பையன்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருவன்கூட நிமிரவில்லை. யாராவது கேட்டுத் தொலைய மாட்டார்களா என்று இருந்தது.

கல்யாண மண்டபத்துக்குப் போகப் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் பையனுக்கு இருபத்தைந்து இருக்கும். என் காலைப் பார்த்தான்.

"இன்னா பெர்சு, மழகூட இல்ல. பேன்ட்ட எறக்கி வுட்டுக்க."

"எறக்க மாட்டேன்" என்றேன். என் குரலுக்குப் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பாவம், அவன் பயந்துபோய்ச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டான்.