அண்ணன் சொல்லாத வசனம்

எங்கள் படத்தின் கடைசி வசனம் 'யாரு இல்லேன்னா?' என்பது. படத்தில் அது இல்லை. சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது, படத்தை முடித்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டும்வரை எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

நான் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறவள். மணப்பெண் கண்ணைத் துடைக்கிற இடத்தில் என்ன பாட்டு போட்டால் அத்தை, சித்தி எல்லோரும் சேர்ந்து அழுவார்கள் என்பது எனக்குத் தெரியும். சொந்தமாக ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக அரித்துக்கொண்டிருந்தது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. கேமரா, லைட், மைக் எல்லாம் ஸ்டுடியோவில் தூங்கும். அவற்றையும் சும்மா இருந்த கேமராக்காரரையும் கிளப்பிக்கொண்டு கொல்லிமலை ஏறினேன். தை பிறந்தால் கேமரா மண்டபத்துக்குப் போய்விடும். அதற்குள் முடிக்காவிட்டால் அடுத்த மார்கழிவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் எனக்கே ஆசை விட்டுப்போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

கதை சின்னது. வெளியூருக்கு வேலைக்குப் போன கணவன் நெடுநாள் கழித்துத் திரும்பி வருகிறான். அதுவரை மரவள்ளிக் காட்டையும் வீட்டையும் பார்த்துக்கொண்டவள் மனைவி. வந்தவன் எல்லாவற்றிலும் அதிகாரம் பண்ணுகிறான். கடைசியில் அவள், "இது என் ஊடுந்தான்" என்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே, "யாரு இல்லேன்னா?" என்று கேட்க வேண்டும்.

மலையில் பல ஊர்கள் சேர்ந்ததை ஒரு நாடு என்பார்கள். மனைவியாக நடிக்கத் திண்ணனூர் நாட்டில் ஒரு பெண் கிடைத்தார். சத்தமாகப் பேசுவார், கேமராவை ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டார். கணவனாக நடிக்க வளப்பூர் நாட்டில் மிளகுக் கொடி வைத்திருக்கும் ஒரு விவசாயியைப் பிடித்தேன். இருவரும் வேறு வேறு நாடு, முன்பின் பார்த்ததில்லை, அதனால் ஒரு சிக்கலும் வராது என்று என் மேதாவித்தனம் கணக்குப் போட்டது.

முதல் நாள் காலையில் இருவரையும் உட்கார வைத்து டீ கொடுத்தேன். எந்த ஊர், யார் வீட்டுப் பங்காளி, அம்மாயி எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று ஒருவரையொருவர் விசாரித்தார்கள். பழகட்டும் என்று நான் லைட்டைப் பார்க்கப் போனேன். டீ ஆறுவதற்குள் விவசாயி என்னிடம் வந்துவிட்டார்.

"ஏனுங்க, இது ஆகாதுங்க. அந்தப் புள்ள எனக்குத் தங்கச்சி மொறையாகுது."

"நடிப்புதானேங்க?"

"நடிப்புத்தானுங்க. இருந்தாலும் தங்கச்சியப் பொண்டாட்டின்னு எப்படிங்க பாக்கறது?"

அந்தப் பெண்ணும் அதற்குள் "அண்ணா, டீ இன்னொருக்கா குடிக்கறீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது? முறையென்ன என்று கேட்காமல் ஆள் பிடித்தவள் நான்.

முறை பார்த்தே இன்னொருவரைத் தேடிப் பிடித்தேன். அந்தப் பெண்ணுக்கு மாமன் மகன். மறுநாள் அந்தப் பெண்ணின் நிஜக் கணவரே படப்பிடிப்புக்கு வந்துவிட்டார். "மொற மாப்பிள்ளைங்க அவன். இவளப் பொண்ணு கேட்டு வந்தவனே அவன்தான். அவனக் கூட்டியாந்து புருசனா உக்கார வெச்சா, நான் எங்கீங்க போறது?" என்றார். நியாயமான கேள்வி. முறை இல்லாதவர் நடிக்க மாட்டார். முறை உள்ளவர் நடித்தால் அதை நடிப்பு என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது கேமராக்காரர்தான் சொன்னார்: "அண்ணன் தங்கச்சியாவே எடுத்துருங்க. பேசறதெல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும்." கிண்டலுக்குச் சொன்னாரா என்று இன்றும் தெரியாது. நான் வசனங்களை எடுத்து வாசித்துப் பார்த்தேன். சோறு உண்டாயா, ஆட்டைக் கட்டினாயா, ஏன் போன் எடுக்கவில்லை, யாரைக் கேட்டு விற்றாய். எதையுமே மாற்ற வேண்டியிருக்கவில்லை. புருஷன் பெண்டாட்டியும் அண்ணன் தங்கையும் இவ்வளவு ஒரேமாதிரியா பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. விவசாயியைத் திரும்ப அழைத்துக்கொண்டு உற்சாகமாக எடுத்துத் தள்ளினோம்.

கடைசிக் காட்சிக்கு வந்தோம். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை, அண்ணனைப் பார்த்து, "இது என் ஊடுந்தான்" என்றாள். சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்களின் சலசலப்பு நின்றுவிட்டது. பெண்டாட்டி சொன்னால் ஊடல் வசனம். தங்கை சொன்னால் பாகப்பிரிவினை. எழுதிய எனக்கு அது அப்போதுதான் உறைத்தது.

விவசாயி பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறந்துவிட்டார் என்று மறுபடி எடுத்தோம். மறுபடியும் சுவர். அப்புறம் வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "வேற எது வேணாலும் சொல்றனுங்க. அது மட்டும் வேண்டாமுங்க. எனக்கும் தங்கச்சி இருக்குது. அப்பன் போனதுல இருந்து ஊட்டுப் பக்கம் வர்றதில்ல. நாலு சனத்துக்கு முன்னால சினிமாவுல சொன்னாலும், சொன்னது நானுங்க."

தை வந்துவிட்டது. அவர் சுவரைப் பார்ப்பதோடு படத்தை முடித்தேன்.

தியேட்டர்காரர்கள் பாட்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். ஆன்லைனில் படம் வாங்குகிற கம்பெனிகள் பதிலே போடவில்லை. நகரத்துத் திரைப்படக் குழு ஒன்று படத்தைத் திரையிட்டது. முடிவை ஏன் சொல்லாமல் விட்டீர்கள் என்று அங்கே கேட்டார்கள். பார்ப்பவரின் முடிவுக்கே விட்டுவிட்டேன் என்று வாய் கூசாமல் சொன்னேன். கைதட்டினார்கள்.

பிறகு மலையிலேயே காட்டத் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சமுதாயக் கூடத்தின் ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, கல்யாண வீட்டு புரொஜெக்டரில் படம் போடுவோம். இங்கே யாரும் முடிவைப் பற்றிக் கேட்கவில்லை. திண்ணனூர் நாட்டில் ஓர் அம்மாள், "குடுக்கமாட்டான்" என்று சொல்லி, சேலையை உதறிக்கொண்டு எழுந்து போனார். எல்லோருக்கும் அது தெளிவாகவே தெரிந்திருந்தது.

வளப்பூர் நாட்டில் படம் போட்ட அன்று, தார்ப்பாய் கட்டக் கதாநாயகரே வந்தார். தன் தங்கைக்குப் போன் போட்டு வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணனும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுவது வரை என் கல்யாண வீடியோ மூளை ஓடிவிட்டது.

"நல்ல காரியம் பண்ணுனீங்க" என்றேன்.

"அதில்லீங்க. அவளுக்கு ஒரு பதில் சொல்லணும். நேருல சொல்ல வாய் வரல. இதுல பாத்துக்கட்டும்."

அந்த மௌனத்தில் ஏதோ தவிப்பு இருப்பதாக நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் 'பங்கு இல்லை' என்றுதான் சொல்லியிருக்கிறார். அதைத் தங்கையிடம் கொண்டுபோய்ச் சேர்க்க நான் ஒரு படமே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. அதற்குள் கூடம் நிறைந்துவிட்டது.

நான் திரையைப் பார்க்கவில்லை. பெண்கள் வரிசையில் கடைசியாக, மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்த தங்கையைத்தான் பார்த்தேன். கடைசிக் காட்சியிலும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. படம் முடிந்ததும் எல்லோரும் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தார்கள். அண்ணன் வெளியே தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை நேராக என்னிடம் வந்தார்.

"நீங்க எழுதுனதுங்களா?"

"ஆமாங்க."

"நான் இப்படிக் கேட்டதே இல்லீங்க. கோவிச்சுக்கிட்டு வராம இருந்தேன், அவ்வளவுதான். கேக்காததுக்கே பதில் சொல்லிப்போட்டான்."

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்டார்: "உங்களுக்கு அண்ணன் தம்பி இருக்குதுங்களா?"

"ஒரு அண்ணன். பேளுக்குறிச்சியில."

"நீங்க கேட்டுட்டீங்களா?"

நான் குனிந்து புரொஜெக்டர் வயரைச் சுற்ற ஆரம்பித்தேன். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. சாயங்காலத்துக்கு அதுதான் கடைசி பஸ், ஓடு கண்ணு என்று யாரோ சொன்னார்கள்.

"போகட்டுங்க. நான் ஊட்டுக்குப் போயி அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டு, காலைல போயிக்கறேன்" என்றார்.

பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டைக் கடந்து மேட்டில் ஏறினார். அண்ணன் கயிற்றை அப்படியே விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் போனார். கூடவே போய்ப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. போகவில்லை.

திரும்புகிற வழியில் கேமராக்காரர்தான் வண்டி ஓட்டினார். பேளுக்குறிச்சியில், எங்கள் அப்பா கட்டிய வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.